ஒரு பக்கத்துக்கு 6 கிரெடிட்: டண்டீ மாமியாரின் முன்னோரைத் தேடிய கதை

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. வாக்கப்பட்டது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டண்டீயில். 2019 கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது மாமியார், "எங்க வம்சம் மலைநாட்டுக் குலத்தலைவர் ஒருத்தர் வழி" என்று ஆரம்பித்தார். எனக்குக் கணக்கு எழுதுகிற உத்தியோகம். வாய் சும்மா இருக்காமல் ஆதாரம் இருக்கா என்று கேட்டுவிட்டேன். "நீயே தேடிப் பாரேன், ஹென்" என்றார். (ஹென் என்றால் கோழி இல்லை, இந்த ஊரில் அது நம் 'கண்ணு' மாதிரி.) அன்று பிடித்தது, ஆறு வருடமாக விடவில்லை.

நான் அதிகம் பயன்படுத்துவது ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள். ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் அரசுத் தளம் இது. பிறப்பு, திருமணம், இறப்பு, சென்சஸ், பழைய சர்ச் பதிவேடு, உயில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தேடுவதற்குக் காசில்லை. மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்தால்தான் காசு, பெரும்பாலும் 6 கிரெடிட், அதாவது ஒன்றரை பவுண்ட். 30 கிரெடிட்டுக்கு ஏழரை பவுண்ட். ஒருமுறை வாங்கிய படம் நம் கணக்கிலேயே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். சந்தா கிடையாது. மூன்று மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் பணம் கரையாது என்பது என்னை மாதிரி ஆளுக்குப் பெரிய நிம்மதி.

ஆரம்பத்தில் அந்த நிம்மதி எனக்குப் போதவில்லை. சந்தா கட்டிப் பார்க்கிற வேறொரு வம்சாவளித் தளத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். அடுத்தவர்கள் போட்டு வைத்த குடும்ப மரங்களைத் தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டே போனதில் ஒரே ராத்திரியில் 1560 வரை போய்விட்டேன். ஸ்காட்லாந்திலேயே மிகப் பழைய சர்ச் பதிவேடு, பெர்த்ஷயரில் எரல் ஊருடையது, 1553-ல்தான் தொடங்குகிறது. பெரும்பாலான ஊர்களுக்கு அதற்கு வெகு காலம் கழித்துத்தான் எதுவும் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு சாதாரண நெசவாளி குடும்பத்துக்கு 1560-ல் யார் எழுதி வைத்தார்கள்? மறுநாள் காலையில் நிதானமாகப் பார்த்தால், என் மரத்தில் ஒரு தாய் தன் மகனுக்கு மூன்று வயது இளையவள். மொத்தத்தையும் அழித்தேன். அதற்குள் அடுத்த வருடச் சந்தாவும் கார்டிலிருந்து போயிருந்தது.

அதற்குப் பிறகு ஒரே விதிதான்: தெரிந்த ஆளிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போவது, மூலப் பக்கத்தைப் பார்க்காமல் யாரையும் மரத்தில் ஏற்றாமல் இருப்பது. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை பவுண்ட் என்பதே ஒரு கடிவாளம். ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே வயது என்று நாலு பேர் நிற்பார்கள். நான் அவசரப்பட்டுத் தப்பான ஆளுக்கு நாலு படம் வாங்கி 6 பவுண்ட் தொலைத்த பிறகுதான், பட்டனை அமுக்குமுன் காகிதத்தில் எழுதிக் கழித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது.

இங்கே என்னை அசரவைத்தது பெண்களின் பெயர். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் தொலைவதில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் தாயின் கன்னிப் பெயர் இருக்கும். மாமியாருக்கு ஐந்து தலைமுறைப் பாட்டிகளைப் பெயரோடு கண்டுபிடித்துக் கொடுத்தேன். என் அப்பாவழிக் கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்டால், அத்தை யோசித்து யோசித்து, "தாழையூத்து ஆச்சின்னுதான் கூப்பிடுவோம்" என்றாள். அதோடு சரி.

பெயர் வைப்பதிலும் ஒரு சொந்தம் தென்பட்டது. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான் என்று மாமியாரிடம் சொன்னபோது ரசித்தார். எல்லாக் குடும்பமும் இந்த வரிசையைப் பின்பற்றியதில்லை. அதனால் துப்பாக வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது.

பிறப்பு, திருமணம், இறப்புக்குக் கட்டாயப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1. அந்த ஒரு வருடப் படிவம் பொக்கிஷம். கேட்ட விவரம் அதிகம், எழுதி மாளவில்லை என்று 1856-லேயே குறைத்துவிட்டார்கள். எங்கள் அதிர்ஷ்டம், கிரிமியூர் ஊர்க் கைத்தறி நெசவாளி ஒருவர், மாமியாரின் முன்னோர், சரியாக 1855 டிசம்பரில் செத்துப்போனார். (அதிர்ஷ்டம் என்று எழுதக் கூசுகிறது, ஆனால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள்.) பெற்றோர் பெயர், மனைவி பெயர், எட்டுப் பிள்ளைகளும் பிறந்த வரிசையில் வயதோடு, இறந்த பிள்ளைகளுக்கு இறந்த வருடம், புதைத்த இடம் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன.

குலத்தலைவர் கதை அங்கேயே முடிந்தது. மூன்று தலைமுறையும் தறிக்காரர்கள், பிறகு டண்டீ சணல் ஆலைக்காரர்கள். குடும்பப் பெயருக்கென்று கடையில் விற்கிற டார்ட்டன் என்னும் கட்டம்போட்ட துணிகளில் பெரும்பாலானவை, 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்த பிறகு பெருகிய வழக்கம். மாமியாரின் சால்வையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

சென்சஸில் எனக்குப் பிடித்த கட்டம், வீட்டில் ஜன்னல் வைத்த அறைகள் எத்தனை என்பது. 1861 முதல் ஸ்காட்லாந்தில் இதைக் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் 1881-ல் 2 அறையில் 7 பேர். 1921 சென்சஸ் 2022 நவம்பரில்தான் வந்தது. வேலை செய்யும் ஆலையின் பெயர்கூட அதில் இருக்கிறது. ஆனால் 1841 சென்சஸை நம்பி வயது கணக்குப் போடாதீர்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள்.

ஜெஸ்ஸியில்தான் ஒரு வருடம் சிக்கினேன். மாமியாரின் கொள்ளுப்பாட்டி. கல்லறையில் ஜெஸ்ஸி, பிறப்புப் பதிவில் ஆளே இல்லை. ஜெஸ்ஸி என்பது ஜேனட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் என்று யாரோ சொன்ன அன்றே கிடைத்துவிட்டாள். 1862, டண்டீ. பெயருக்குக் கீழே பதிவாளர் 'முறைதவறிப் பிறந்தது' என்ற பொருளில் ஒற்றைச் சொல் எழுதியிருந்தார். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. தாய் ஆலைத் தொழிலாளி. கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, கோணலாக, ஒரு கோடு மற்றதைவிட நீளம். படத்தை மூடப்போகும்போதுதான் இடது ஓரத்தில் பொடி எழுத்து கண்ணில் பட்டது: திருத்தப் பதிவேடு, இன்ன தொகுதி, இன்ன பக்கம்.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஷெரிஃப் கோர்ட் (இங்கே உள்ளூர் நீதிமன்றம்) தீர்ப்பு. குழந்தைக்குத் தகப்பன் இன்னார் என்று நீதிமன்றம் முடிவு செய்த செய்தி. கையெழுத்துப் போடத் தெரியாத பெண், ஒருத்தனைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்திருக்கிறாள்.

கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்த சர்ச் மூப்பர் சபையின் குறிப்பேடுகளும் இந்தத் தளத்தில் இருக்கின்றன, 2021 முதல். பார்க்கக் காசில்லை, ஆனால் பெயர் போட்டுத் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். குளிர்காலத்தில் மூன்று வாரக் கடைசி போனது. ஜெஸ்ஸியின் தாயைப் பற்றிக் கிடைத்தது நாலு வரி: வந்தாள், ஒப்புக்கொண்டாள், தகப்பன் பெயரைச் சொன்னாள், கண்டித்து மன்னித்தார்கள். அதே பெயர், கோர்ட்டில் வந்த அதே பெயர்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று பத்து நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது டீயை ஆற வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு வாங்கினாளாம்?"

திருத்தப் பதிவில் ஜீவனாம்சத் தொகை இருக்காது. இதுவரை 150 பவுண்ட் சொச்சம் செலவழித்துவிட்டேன், தகராறு இல்லாத செலவு. ஆனால் இந்தத் தளத்தில் கிடைக்காத விஷயமும் உண்டு. அதில் ஒன்று கோர்ட் கட்டு. பிறப்பு 100 வருடம், திருமணம் 75, இறப்பு 50 என்று அண்மைக் காலப் படங்களும் வீட்டிலிருந்து திறக்காது. கிரிமியூரில் 1780-களில் ஒரே பெயரில் இரண்டு பேருக்கு ஞானஸ்நானம், இருவரில் யார் நம்மாள் என்று இன்னும் முட்டி நிற்கிறேன். 1783 முதல் பதினோரு வருடம் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டார்கள், ஏழைகளில் பலர் பதியாமலே விட்டார்கள். மூன்றாவதாக ஒருவன் இருந்திருக்கவும் கூடும்.

வழக்குக் காகிதம் எடின்பரோ காப்பகத்தில் இருந்தால் நேரில்தான் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் ரயிலில் போகிறோம், மாமியாரும் வருகிறார். அந்த அறையில் பேனா எடுக்க விடமாட்டார்கள் என்று சொன்னேன். இப்போதே இரண்டு பென்சில் சீவி கைப்பையில் போட்டு வைத்திருக்கிறார்.