பழைய சிஎன்சி, புதிய மடிக்கணினி: சீரியல் இணைப்புக்கு எந்த வழி நம்பகமானது?

கோவையின் ஜாப் ஆர்டர் பட்டறைகள் பலவற்றில், 1990-களில் வாங்கிய, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி லேத்துகளும் மில்லிங் எந்திரங்களும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. படுகையும் ஸ்பிண்டிலும் தேயாமல் இருக்கும் எந்திரத்தை, கண்ட்ரோலர் பழையது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக்குப் போட எந்த உரிமையாளருக்கும் மனம் வருவதில்லை. அந்த எண்ணம் சரியானதும்கூட. ஆனால் ஃபேனக் நிறுவனத்தின் 0 வரிசை போன்ற கண்ட்ரோலர்களில் புரோகிராம்கள், பாராமீட்டர்கள் (எந்திரத்தின் அமைப்பு மதிப்புகள்), டூல் ஆஃப்செட்டுகள் (வெட்டுக் கருவிகளின் அளவுத் திருத்தங்கள்) அனைத்தும் பேட்டரியின் துணையால் மட்டுமே நினைவகத்தில் தங்கியிருக்கின்றன. பேட்டரி தீர்ந்த நிலையில் மின்சாரமும் நின்றுவிட்டால் அவை அழிந்துவிடும். எந்திரத்தின் கூடுதல் வசதிகளைத் திறந்து வைத்திருக்கும் 900-ஆம் எண் பாராமீட்டர்களும் அவற்றோடு போய்விடும். அந்தத் தரவை வெளியே எடுத்து வைக்கவும், இழந்தால் திரும்ப ஏற்றவும், நினைவகத்தில் அடங்காத நீண்ட புரோகிராமைத் துளித்துளியாக ஊட்டவும் எந்திரத்தில் இருக்கும் வாசல் ஒன்றுதான்: 25 பின் கொண்ட ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்.

மடிக்கணினியிலோ அந்த வாசல் மூடப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. யுஎஸ்பி மாற்றுக் கேபிள், உண்மையான சீரியல் போர்ட் கொண்ட கணினி, ஈதர்நெட் வழியாகப் பேசும் சீரியல் சர்வர், புளூடூத் அடாப்டர், எந்திரத்தோடு நிரந்தரமாக இருக்கும் பென்டிரைவ் பெட்டி ஆகியவை இன்று நம்முன் உள்ள வழிகள். கடைகளில் இவற்றை வேகத்தையும் விலையையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். பழைய எந்திரத்துக்கு இரண்டும் முக்கியமல்ல. 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகம், இவற்றில் எதற்கும் சுமையே அல்ல. "நிறுத்து" என்று எந்திரம் சொன்னதும் அனுப்பும் பக்கம் எத்தனை எழுத்துகளுக்குள் நிற்கிறது என்பதுதான் இங்கே உரைகல்.

பத்து எழுத்துக் கணக்கு

ஃபேனக் கண்ட்ரோலர் தன் பஃபர் (வரும் எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) நிறையும்போது டிசி3 எனப்படும் எக்ஸ்-ஆஃப் எழுத்தை அனுப்புகிறது. இடம் கிடைத்ததும் டிசி1 எனப்படும் எக்ஸ்-ஆன் எழுத்தை அனுப்பி மீண்டும் தொடரச் சொல்கிறது. நிறுத்தச் சொன்ன பிறகும் பத்து எழுத்துகள் வரை அது பொறுத்துக்கொள்ளும். அதற்கும் மேல் வந்துகொண்டிருந்தால் 087 என்ற எண்ணோடு பஃபர் நிரம்பி வழிந்த அலாரம் திரையில் தோன்றும்.

இப்போது நேரத்தைக் கணக்கிடலாம். 7 தரவு பிட், இரட்டைப்படை பாரிட்டி (பிழை காண உதவும் கூடுதல் பிட்), 2 ஸ்டாப் பிட் என்ற வழக்கமான அமைப்பில், தொடக்க பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 11 பிட்கள் ஆகின்றன. 9600 பாட் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 872 எழுத்துகள் போகும். பத்து எழுத்துகள் சுமார் 11.5 மில்லி நொடியில் போய்விடும். யுஎஸ்பி கேபிளோ தனக்கு வந்த எழுத்தை உடனே கணினியிடம் ஒப்படைப்பதில்லை. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்களில், ஓரிரு எழுத்துகள் மட்டும் வந்திருந்தால் 16 மில்லி நொடி வரை காத்திருந்து அனுப்பும்படி லேட்டன்சி டைமர் அமைக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்-ஆஃப் ஓர் எழுத்துதான். அது கணினியைச் சென்றடைந்து, மென்பொருள் அதைப் பார்த்து நிறுத்துவதென்றால், அந்தக் காத்திருப்பிலேயே 14 எழுத்துகள் எந்திரத்துக்குள் போயிருக்கும். போதாக்குறைக்கு, கணினி நிறுத்திய பிறகும் கேபிளின் சிப்புக்குள் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட எழுத்துகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். எஃப்டி232ஆர் சிப்பில் அந்த இடைத்தேக்கம் 128 பைட். சிபி2102 சிப்பில் 640 பைட்.

ஆகவே எக்ஸ்-ஆஃபைக் கணினி அல்ல, சிப்பே படித்துச் சிப்பே நிற்க வேண்டும். யுஎஸ்பி கேபிளில் நல்லது, கெட்டது என்று பிரிவதெல்லாம் இந்த ஒரு புள்ளியில்தான். பாராமீட்டரை எந்திரத்திலிருந்து எடுத்துச் சேமிப்பதற்கு எந்தக் கேபிளும் போதும் என்று தோன்றுவதற்கும், அதே கேபிள் நீண்ட மோல்டு புரோகிராமை ஊட்டும்போது பாதியில் நின்றுவிடுவதற்கும் காரணம் இதுவே.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. டிசி3 எழுத்தின் மதிப்பு 19; இரும எண்ணில் அதற்கு மூன்று ஒன்றுகள். இரட்டைப்படை பாரிட்டிக்காக எந்திரம் எட்டாவது பிட்டையும் ஒன்றாக்கி அனுப்புவதால், கம்பியில் அது 147 ஆகப் போகிறது. கணினியில் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்திருந்தால் வந்தது எக்ஸ்-ஆஃப் என்று எந்தச் சிப்பாலும் கண்டுகொள்ள முடியாது. எத்தனையோ கேபிள்கள் பழுது என்று தூக்கி எறியப்பட்டது இந்த ஓர் அமைப்பைத் திருத்தாததால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யுஎஸ்பி கேபிள்: சிப்தான் பொருள்

வெளியே எல்லாம் ஒரே மாதிரியான நீல நிற அல்லது கறுப்புக் கேபிள்களே. உள்ளே இருக்கும் சிப் எஃப்டிடிஐ, சிலிக்கான் லேப்ஸ், புரோலிஃபிக், டபிள்யூசிஹெச் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி. எஃப்டி232ஆர், சிபி2102 ஆகிய இரண்டும் எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் கைகுலுக்கலைத் தாமே கையாள்வதாக அவற்றின் தரவுத்தாள்கள் கூறுகின்றன. எஃப்டிடிஐக்குக் கூடுதலாக ஒரு சிறப்பு உண்டு. ஒவ்வொரு சிப்பிலும் தனி வரிசை எண் பதிந்திருப்பதால், அந்தக் கேபிளை மடிக்கணினியின் எந்த யுஎஸ்பி துளையில் செருகினாலும் விண்டோஸ் அதே காம் எண்ணை (சீரியல் போர்ட்டை அது அழைக்கும் எண்) தருகிறது. வரிசை எண் இல்லாத, டபிள்யூசிஹெச்சின் சிஹெச்340 சிப் கொண்ட கேபிளைத் துளை மாற்றிச் செருகினால் எண்ணும் மாறிவிடும். இரவு ஷிப்டில் ஆபரேட்டர் தனியாக நிற்கும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல.

எஃப்டிடிஐயின் குறை, அதன் புகழிலிருந்தே பிறந்தது. போலிச் சிப்கள் சந்தையில் பெருகியதால் 2014-இல் அந்த நிறுவனம், போலியைக் கண்டால் அதன் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றிவிடும் டிரைவரை விண்டோஸ் அப்டேட் வழியாக வெளியிட்டது. நல்ல விலை கொடுத்து வாங்கியும் போலி என்று அறியாதிருந்தவர்களின் கருவிகள் ஒரே நாளில் இயங்காமல் போயின. எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது என்றாலும், 2016-இல் வந்த டிரைவர் போலிச் சிப் தென்பட்டால் தரவுக்கு நடுவே எச்சரிக்கை வாசகத்தை அனுப்பியது. எந்திரத்தை இயக்கும் வரிகளுக்கு நடுவே அந்நிய வாசகம் நுழைவது எத்தகைய ஆபத்து என்பதை எண்ணிப் பார்த்தால், முகவர் யார் என்று தெரிந்து வாங்குவதன் அவசியம் விளங்கும்.

புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 வரிசையில் பழைய ஹெச்எக்ஸ்ஏ வகை 2012-லேயே கைவிடப்பட்டது. பழைய மடிக்கணினியில் பத்து ஆண்டுகள் உழைத்த கேபிளை விண்டோஸ் 11 கணினியில் செருகினால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் செய்தியே சாதனத்தின் பெயராக வந்து நிற்கும். லினக்ஸில் இந்த நான்கு குடும்பங்களுக்கும் டிரைவர்கள் கெர்னலிலேயே இருப்பதால் அதே கேபிள் அங்கே வேலை செய்யும். சீரியல் போர்ட்டைத் திறக்க உரிமை தரும் டயல்-அவுட் குழுவில் பயனரைச் சேர்த்தால் போதும். உபுண்டு 22.04 பதிப்பில் மட்டும், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைத் தேடும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் சிஹெச்340 கேபிளைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வதால், அதை நீக்க வேண்டியிருக்கும்.

மின்னணுப் பொருள் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் யுஎஸ்பி-டிடிஎல் பலகைகளை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கக் கூடாது. அவை 3.3 அல்லது 5 வோல்ட்டில் பேசுபவை. ஆர்எஸ்-232 அனுப்பும் பக்கமோ 5 முதல் 15 வோல்ட் வரை நேர், எதிர் இரு திசைகளிலும் போகும். இரண்டையும் நேராக இணைத்தால் பலகை கருகிவிடும்.

உண்மையான போர்ட்

பானாசோனிக் டஃப்புக் போன்ற கரடுமுரடான பணிக்கான மடிக்கணினிகளில் 9 பின் சீரியல் போர்ட்டை இன்றும் கேட்டு வாங்கலாம். மேசைக் கணினி போதும் என்றால் பிசிஐஇ சீரியல் அட்டை உண்டு. இவ்வகைப் போர்ட்டின் பின்னால் இருக்கும் 16550 வகைச் சுற்றில் தேக்கம் 16 பைட்தான். விண்டோஸில் காம் போர்ட்டின் மேம்பட்ட அமைப்பில் அனுப்பும் தேக்கத்தைக் குறைத்துவிட்டால், பத்து எழுத்து வரம்புக்குள் எளிதாக அடங்கும். கைகுலுக்கலைப் பொறுத்தவரை இதைவிட நேர்மையான இணைப்பு இல்லை. டாஸ் காலத்து டிஎன்சி மென்பொருள் (எந்திரத்துக்குப் புரோகிராமை அனுப்பும் மென்பொருள்) 3எஃப்8 என்ற முகவரியில் போர்ட்டை நேரடியாகத் தேடும். கணினிப் பலகையோடு பிறந்த போர்ட் அங்கே இருக்கும், யுஎஸ்பி கேபிள் ஒருபோதும் இராது. தடையெல்லாம் விலைதான்: ஒரு போர்ட்டுக்காகச் சாதாரண மடிக்கணினியைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒன்றை வாங்கச் சொல்வது சிறு பட்டறைக்கு நியாயமாகாது.

ஈதர்நெட் சீரியல் சர்வர்

மோக்சா என்போர்ட் 5110 போன்ற கையடக்கப் பெட்டியை எந்திரத்தின் மின்பெட்டியிலேயே பொருத்தி, சீரியல் கம்பியை ஒரு முழத்துக்குள் முடித்துவிட்டு, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளை அலுவலகம் வரை இழுப்பது இந்த முறை. மடிக்கணினியில் அதன் டிரைவரை நிறுவினால் வழக்கமான காம் போர்ட்டாகவே தோன்றும். பழைய டிஎன்சி மென்பொருளுக்கு வேறுபாடு தெரியாது. எக்ஸ்-ஆஃபை அந்தப் பெட்டியே பார்த்து நிற்கிறது. எந்திரத்துக்குத் தேக்கம் ஒவ்வாவிட்டால் அமைப்புப் பக்கத்தில் ஃபிஃபோ எனப்படும் அந்தத் தேக்கத்தை அணைத்துவிடலாம். இது 12 முதல் 48 வோல்ட் வரை எந்த நேர்மின்சாரத்திலும் இயங்குவதால், மின்பெட்டிக்குள் 24 வோல்ட் சப்ளை ஒன்றை வைத்து ஓட்டலாம்.

இதன் மிகப் பெரிய நன்மை பலர் கவனிக்காதது: மின் தனிமை. ஆர்எஸ்-232 இணைப்பில் கணினியின் தரையும் எந்திரத்தின் தரையும் ஒரே கம்பியில் சேர்கின்றன. இரு பின் சார்ஜரில் இருக்கும் மடிக்கணினியின் உடல், நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கக்கூடும். உலோக மூடியைத் தடவும்போது விரலில் உணரும் சுருக்கென்ற அதிர்வு அதுவே. கனெக்டரைச் செருகும் நொடியில் அந்த மின்னழுத்தம் சிக்னல் பின்கள் வழியாக இறங்கினால் கண்ட்ரோலரின் சீரியல் சிப் பழுதாகும். அந்தப் பழைய போர்டுக்கு மாற்று தேடுவது எளிதல்ல. ஈதர்நெட் போர்ட்டில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரை தாங்கி இரு பக்கத்தையும் பிரித்து வைக்கிறது. யுஎஸ்பி கேபிளில் இந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஐசோலேட்டட் வகையைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் எந்திரத்தை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, கனெக்டரைச் செருகிய பிறகே எந்திரத்தை ஓட விட வேண்டும்.

பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றாமல் பட்டறையின் பொது வைஃபையோடு சேர்த்துவிடுவது இதில் நேரும் பெரிய தவறு. எந்திரங்களுக்குத் தனி ஸ்விட்ச் வைப்பது நல்லது.

மற்றவை

புளூடூத் சீரியல் அடாப்டர், எடை மேடையின் அளவைப் படிப்பது போன்ற ஒருவழி வேலைக்குத் தகும். இடையிலே வானொலி அலைகள் தாமதிக்கும்போது எக்ஸ்-ஆஃபும் தாமதிப்பதால், துளித்துளியாக ஊட்டும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சீரியல் பக்கத்தில் எந்திரத்தோடும் மறுபக்கத்தில் பென்டிரைவோடும் பேசும் பெட்டிகள், மடிக்கணினியையே தேவையற்றதாக்குகின்றன. ஒரே வகை வேலை ஓடும் எந்திரங்களுக்கு அவை பொருத்தமானவை. எக்ஸ்பி ஓடும் பழைய மடிக்கணினியை அலமாரியில் பாதுகாத்து வைப்பதும் ஒரு வழியே. ஆனால் அதன் வன்தட்டு எந்திரத்தின் பேட்டரிக்கு முன்பே செத்துவிட்டால், அதில் மட்டுமே இருந்த பாராமீட்டர் நகலும் அதோடு போகும்.

எதைத் தேர்ந்தாலும் கேபிள் ஒன்றே

ஃபேனக் பக்கத்து 25 பின் கனெக்டரின் 25-ஆவது பின்னில் 24 வோல்ட் இருக்கிறது. முன்பு டேப் ரீடர் போன்ற கருவிகளுக்காக வைக்கப்பட்டது அது. எல்லா 25 கம்பிகளும் நேராகப் போகும் கடைக் கேபிளைச் செருகுவது, அந்த 24 வோல்ட்டைக் கணினி பக்கத்துக்கு அனுப்பும் வேலை. மூன்று கம்பிக் கேபிளைக் கையால் பற்றவைப்பதே பாதுகாப்பு: எந்திரத்தின் 2, கணினியின் 9 பின் கனெக்டரில் 2-க்கு; 3, கணினியின் 3-க்கு; 7, கணினியின் 5-க்கு. இரண்டு கனெக்டர்களிலும் அனுப்பும் பின்னும் பெறும் பின்னும் எண் மாறியிருப்பதால் இதிலேயே குறுக்கு இணைப்பு அமைந்துவிடுகிறது. எந்திரத்தின் பக்கத்தில் 4-ஐயும் 5-ஐயும் ஒன்றாகவும், 6, 8, 20 ஆகியவற்றை ஒன்றாகவும் இணைக்க வேண்டும். இந்த இரண்டாவது இணைப்பு விட்டுப்போனால் 086 அலாரம் வரும்.

ஊர் ஊராகச் சென்று சர்வீஸ் செய்பவரின் பையில் ஐசோலேட்டட் எஃப்டிடிஐ கேபிள் ஒன்று, லேட்டன்சி டைமரை 1 மில்லி நொடிக்குக் குறைத்த நிலையில், இருக்க வேண்டும். இடம்பெயராத எந்திரத்துக்குச் சீரியல் சர்வரே என் தேர்வு. யுஎஸ்பி கேபிளைவிடக் கூடும் செலவை, ஒரே ஒரு போர்டு காப்பாற்றப்பட்டாலும் அது ஈடுகட்டிவிடும். எதைப் பொருத்தினாலும், முதலில் 4800 பாட்டில் தொடங்கி, பட்டறையில் இருப்பதிலேயே நீளமான புரோகிராமை எந்திரத்துக்கு ஏற்றி, அதையே மீண்டும் வெளியே எடுத்து, இரண்டு கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே 9600-க்கு உயர்த்தலாம்.