ஆக்ஸ்ஃபோர்டா, ஜெர்மனியா, சொந்த ஊரா? 1910-இன் அமெரிக்க மாணவனுக்கு எது மேல்?

1910-இல் அமெரிக்காவில் பி.ஏ. முடித்து, மேலே படிக்க ஆசைப்பட்ட ஒருவனுக்கு மூன்று வழிகள் இருந்தன. கப்பலேறி ஆக்ஸ்ஃபோர்டு போகலாம். ஜெர்மனிக்குப் போகலாம். இல்லையென்றால் ஹார்வர்டு, சிகாகோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று உள்ளூரிலேயே சேரலாம். என்னைக் கேட்டால் ஆக்ஸ்ஃபோர்டுதான் என்பேன். ஆனால் எல்லாருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

முதலில் பணம். தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் பணம் சேர்த்து 1902-இல் இறந்த செசில் ரோட்ஸின் உயில்படி, ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தேர்வாகும் அமெரிக்க மாணவனுக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு வீதம் மூன்று ஆண்டு உதவித்தொகை. அன்றைய மதிப்பில் 1,450 டாலருக்குச் சற்று மேல். முதல் அமெரிக்க அணி 1904-இல் போய் இறங்கியது. கல்லூரிக் கட்டணம், சாப்பாடு, விடுமுறைச் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அங்கே எட்டு எட்டு வாரமாக மூன்று பருவங்கள்தான் வகுப்பு. மீதி ஆறு மாதம் விடுமுறை. அதனால் கையைக் கடிக்கத்தான் செய்யும். இருந்தாலும், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மற்ற இரண்டு வழிகளிலும் இவ்வளவு பெரிய தொகை எளிதில் கிடைத்துவிடாது. ஒரு தடை மட்டும் இருந்தது: கிரேக்க மொழி. 1920 வரை அது கட்டாயம். பள்ளியில் கிரேக்கமே சொல்லித்தராத ஊர்ப் பையன்கள் பலர் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

சரி, உள்ளே போனவனுக்கு என்ன கிடைத்தது? வாரம் ஒரு கட்டுரை. அதை எழுதி, ஆசிரியரின் அறைக்கே போய், அவர் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். கணப்பில் கரி எரியும். அவர் இடையில் நிறுத்தி, "இந்தச் சொல்லை எந்தப் பொருளில் எழுதினாய்?" என்று கேட்பார். மழுப்ப வழியில்லை, ஒளிந்துகொள்ள முன்வரிசைத் தலைகளும் இல்லை. டியூட்டோரியல் என்ற இந்த முறைக்காகத்தான் நான் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் நிற்கிறேன். ஒரு மாணவனின் சிந்தனையை ஒரு பெரியவர் வாராவாரம் முழுக் கவனத்தோடு கேட்பது எவ்வளவு பெரிய பேறு!

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் இருந்தது. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் 'டாம்' மணி இரவு 9:05-க்கு 101 முறை அடிக்கும். அப்புறம் வெளியிலிருந்து கல்லூரிக்குத் திரும்பியவனுக்கு அன்று அபராதம். ஏற்கெனவே பட்டம் வாங்கி, ஓட்டுப்போடும் வயதும் வந்த ஆளைப் பள்ளிப்பிள்ளையாக நடத்தினால் எரிச்சல் வராமல் இருக்குமா? அதைவிடப் பெரிய சிக்கல் பட்டத்தில் இருந்தது. பெரும்பாலானவர்கள் எடுத்தது இன்னொரு பி.ஏ. ஊர் திரும்பிப் பேராசிரியர் வேலை கேட்டால், "டாக்டர் பட்டம் எங்கே?" என்பார்கள்.

அந்தப் பட்டத்துக்குப் பேர்போன இடம் ஜெர்மனி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில் பெர்லின், லைப்சிக், கோட்டிங்கன் என்று போனார்கள். அங்கே வாயில்மணி கிடையாது. ஊருக்குள் அறை எடுத்துத் தங்கலாம். பிடித்த பேராசிரியரைத் தேடி ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். செமினாரில் மூல ஆவணங்களை வைத்து ஆராயப் பழக்குவார்கள். ஆனால் மாணவன் சரியாகப் போகிறானா, வழி தவறிவிட்டானா என்று பார்க்க ஆள் இல்லை. தானாக நடக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த இடம்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் அதற்குள் இந்த ஜெர்மன் முறையைக் கற்றுக்கொண்டிருந்தன. 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்த அச்சில் வார்த்ததுதான். வேலைக்கு ஆகும் வழி என்றால் இதுதான். வானியலாளர் எட்வின் ஹப்பிளைப் பாருங்கள். 1910-இல் ஆக்ஸ்ஃபோர்டின் குவீன்ஸ் கல்லூரிக்குப் போய், அப்பாவின் விருப்பப்படி சட்டம் படித்தார். வானியலில் டாக்டர் பட்டம் வாங்கியது ஊர் திரும்பிய பிறகு, 1917-இல், சிகாகோவில். என் கணக்கில் சிறந்த வழியும் அதுவே: ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு மூன்று ஆண்டு, பிறகு ஊரில் டாக்டர் பட்டம்.

1914-இல் போர் வந்து ஜெர்மன் வழியை அடைத்தது. அந்தக் கோடையில் ஜெர்மனியின் மார்பர்க்கில் இருந்த கவிஞர் டி.எஸ். எலியட் அவசரமாக இங்கிலாந்துக்கு வந்து ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். ஹார்வர்டுக்கான ஆய்வேட்டை 1916-இல் எழுதி முடித்தும், நேரில் போய் வாய்மொழித் தேர்வு கொடுக்காததால் பட்டம் வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு 1917-இல் டி.ஃபில். என்ற டாக்டர் பட்டத்தைக் கொண்டுவந்ததற்கு, முன்பு ஜெர்மனிக்குப் போன அமெரிக்கர்களை இழுக்கும் எண்ணமும் ஒரு காரணம்.

பெண் என்றால் என் பதில் வேறு. ரோட்ஸ் பணம் அவளுக்குக் கிடையாது. 1920 வரை ஆக்ஸ்ஃபோர்டு பட்டமும் கிடையாது. யேல் 1892-லேயே டாக்டர் படிப்பைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. ஊரிலேயே படிப்பதுதான் அவளுக்கு நல்லது.

ஆலன் லாக் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. ஹார்வர்டில் படித்து, 1907-இல் ரோட்ஸ் உதவித்தொகை வென்ற முதல் கறுப்பின அமெரிக்கர். இனம் பார்த்து யாரையும் தள்ளக்கூடாது என்று உயிலிலேயே இருந்தது. அப்படியும் சில கல்லூரிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. கடைசியில் ஹெர்ட்ஃபோர்டு இடம் கொடுத்தது. அமெரிக்க மாணவர்கள் கூடி நடத்திய நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில், கறுப்பினத்தவரோடு சேர்ந்து உட்கார விரும்பாத அமெரிக்கத் தென் மாநிலத்தவர்களுக்காக அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவரை ஒதுக்கியவர்கள் ஆங்கிலேயர்கள்கூட அல்ல, சொந்த நாட்டுக்காரர்கள்! நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வாராவாரம் கட்டுரை கேட்க ஆசிரியர் இருந்து என்ன, சேர்ந்து சாப்பிட ஆள் இல்லையென்றால்? தென்னாப்பிரிக்காவின் பிக்ஸ்லி செமே போன்ற வேற்று நாட்டு மாணவர்களிடம்தான் அவருக்கு நட்பு அமைந்தது. 1910-இல் பட்டம் வாங்காமலே கிளம்பினார். அடுத்த ஓராண்டு பெர்லினில் படித்தார். டாக்டர் பட்டம் 1918-இல் ஹார்வர்டில் கிடைத்தது. இன்னொரு கறுப்பின அமெரிக்கர் ரோட்ஸ் மாணவராக ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போக 1960-கள் வரை ஆயிற்று.