ஆறு வருஷம், பதினோரு டப்பா: என் ஏர் ரைஃபிளுக்கு ஒத்துப்போன ரவை

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பலூன் சுடும் கடை போட்டிருப்பார்களே, அங்கே பிடித்த பைத்தியம் இது. அந்தத் துப்பாக்கியின் குறிமுள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மஞ்சள் பலூனைக் குறி வைத்தால் பக்கத்துச் சிவப்பு வெடிக்கும். கடைக்காரரும் "அதான் சார், சூப்பர்" என்பார். அவர் தட்டில் குவித்து வைத்திருக்கும் ரவைகளை, அதாவது சின்ன ஈயக் குண்டுகளை, ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தேன். பத்தில் ஆறு நசுங்கியிருந்தன. குறிமுள்ளை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது என்று அப்போது தோன்றியது. அது எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று தெரிந்துகொள்ள ஆறு வருஷம் ஆகிவிட்டது.

2019ல் சொந்தமாக ஒன்று வாங்கினேன். அந்த வருஷம்தான் நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். வளர்ந்தது அகமதாபாத் என்றாலும் ஊர்ப்பாசம் விடுமா? அவர் சுடுவது அழுத்தக் காற்றில் இயங்கும் போட்டி ரைஃபிள். அதன் விலைக்கு நம் பட்ஜெட் எட்டாது. நான் வாங்கியது இந்தியாவிலேயே செய்த, பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கிற சாதாரண ஏர் ரைஃபிள். .177 காலிபர், அதாவது பேரல் துளையின் அகலம் 4.5 மில்லிமீட்டர். 2016 ஆயுத விதிகளின்படி இந்தக் காலிபரைத் தாண்டாமலும், ரவை வெளிவரும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. என்னுடையது ஏறக்குறைய 15 ஜூல். நண்பர் ஒருவரின் வேகமானியில் சுட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

சரி, ரவைக்கு வருவோம்.

ஆரம்பத்தில் எனக்கு வழிகாட்டியது சம்பந்தமே இல்லாத ஒரு படிப்பு. ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டைக்குப் போகிறவர்கள் .375 மேக்னம் ரைஃபிளுக்குத் தாங்களே தோட்டா அடைப்பது பற்றி நிறையப் படித்தேன். 1912ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த தோட்டா அது. குண்டு 270 கிரெயின் அல்லது 300 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்). என் ரவை முப்பத்தைந்தைச் சேர்த்தால்தான் அப்படி ஒரு குண்டின் எடை வரும். அந்த வேட்டையும் நமக்கு ஆகாது, உரிமம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து தோட்டா அடைக்கச் சட்டமும் விடாது. ஆனால் அவர்களிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் குண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்புறம் வெடிமருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவதில்லை. ஏர் ரைஃபிள்காரனுக்கு மருந்தும் இல்லை, அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லை. மாற்ற முடிந்தது ரவை ஒன்றுதான். அதையாவது அவர்கள் மாதிரி முறையாகச் செய்வோமே என்று ஒரு நோட்டு போட்டேன்.

இதுவரை பதினோரு டப்பா. எல்லாவற்றையும் சொன்னால் தூக்கம் வரும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதல் டப்பா, துப்பாக்கியோடு கடையில் கொடுத்த கூர்முனை ரவை. "கூரா இருந்தாத்தான் சார் ஆழமா இறங்கும்" என்றார்கள். 10 மீட்டரிலேயே ஐந்து ரவை ஐந்து ஊருக்குப் போனது. கூர்முனை கடையில் பார்க்க அழகு, அவ்வளவுதான். முனை துளி கோணினாலும் பறக்கும்போது தள்ளாடும்.

தட்டைமுனை ரவைதான் போட்டிக்காரர்கள் போடுவது. காகிதத்தில் பஞ்ச் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணுவது சுலபம். வீட்டுப் பக்கவாட்டுச் சந்து சரியாக 10 மீட்டர் வருகிறது. அங்கே இது பிரமாதம். தூரம் கூடினால் காற்று தட்டை முகத்தில் அறைந்து வேகத்தைத் தின்றுவிடும். 25 மீட்டருக்கு நான் இதை எடுப்பதில்லை.

மிச்சம் இருப்பது உருண்டைமுனை. என் தேடல் முழுக்க இதற்குள்தான் நடந்தது. ஜே.எஸ்.பி எக்ஸாக்ட் 8.44 கிரெயின், எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராஃபி 8.64 கிரெயின், 10 கிரெயினுக்கு மேல் கனமான ஒன்று, 7 கிரெயின் லேசான ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டேன். கனமானது அடித்தால் சத்தமே வேறு, தகரத்தில் 'ணங்' என்று இறங்கும். ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது பாரம். 25 மீட்டரில் ஒரு அங்குலம் கீழே விழுந்தது, சிதறலும் கூடியது. லேசானது வேகமாகப் போய்க் காற்றில் அலைந்தது. நடுத்தர எடைதான் என் துப்பாக்கிக்குச் சரிப்பட்டது.

உங்கள் துப்பாக்கிக்கும் அதேதான் என்று சொல்ல மாட்டேன். ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு பேரல்கள்கூட ஒரே ரவையை விரும்புவதில்லை. புதுச்சேரி நண்பர் ஒருவர் இதே மாடல் வைத்திருக்கிறார். நான் ஒதுக்கிய டப்பாவை அவரிடம் கொடுத்தேன். அவர் துப்பாக்கியில் அது என்னுடையதைவிட நன்றாகப் போகிறது. ஒரு மாதம் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒத்துப்போகும் ரவையைச் சுடுவதற்கு முன்னாலேயே விரல் ஓரளவு கண்டுபிடித்துவிடும். பேரலை மடக்கி, ரவையை அதன் பின்வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறோம் இல்லையா, அங்கே கவனியுங்கள். சில ரவை கிணற்றில் கல் போட்ட மாதிரி பொத்தென்று உள்ளே விழும். அது தளர்வு. சிலது நகம் வலிக்க அழுத்தினாலும் ரவையின் பின்பக்கத்துப் பாவாடை விளிம்பு வெளியே துருத்தி நிற்கும். அதுவும் ஆகாது. நல்லது ஒன்று மெல்ல எதிர்த்து, வழுவழுவென்று நகர்ந்து, விளிம்பு பேரலோடு சமமாக நின்றுவிடும். சட்டைப் பொத்தான் புதுத் துளையில் நுழைகிற பதம். தலையின் அளவு 4.50, 4.51, 4.52 என்று டப்பாவில் போட்டிருப்பது இதற்காகத்தான். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று நானும் சிரித்தேன், கட்டைவிரல் நம்பவைத்தது. பின்னாலிருந்து வரும் காற்றழுத்தத்தில் அந்த மெல்லிய ஈயப் பாவாடை விரிந்து பேரலின் உள்ளே செதுக்கிய வரிகளைக் கவ்வுகிறது. அது நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் கசியும். பலூன் கடைத் தட்டில் நான் பார்த்தது அதைத்தான்.

எடை பார்க்கும் பைத்தியமும் பிடித்தது. மஞ்சக்குப்பத்தில் நகைக்கடை வைத்திருக்கும் பள்ளித் தோழனிடம் போய், தங்கம் நிறுக்கிற தராசில் ஒரு டப்பாவையே நிறுத்தேன். 8.44 கிரெயின் என்றால் 0.547 கிராம். பெரும்பாலானவை 0.54க்கும் 0.55க்கும் நடுவே நின்றன. விலை குறைந்த டப்பா ஒன்றில் 0.49 கிராமும் இருந்தது, 0.56 கிராமும் இருந்தது. நகை வாங்க வந்த ஒரு அம்மா, "என்ன தம்பி, வெள்ளி மணியா?" என்று கேட்டார். ஈயம் என்றதும் தராசைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அவர் செய்தது சரி. தோழனும் துடைத்துக் கொடுக்கச் சொல்லி என்னைத்தான் வேலை வாங்கினான். ரவை தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. சிலர் ரவையை வாயில் வைத்துக்கொண்டு சுடுவார்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

நிறுத்துப் பிரித்ததில் 10 மீட்டரில் ஒரு பலனும் தெரியவில்லை. 25 மீட்டரில் கொஞ்சம் தெரிந்தது. நல்ல டப்பா வாங்கினால் தராசு தேவையில்லை என்பது என் கட்சி. நசுங்கியதைக் கண்ணால் பார்த்து ஒதுக்கினால் போதும்.

25 மீட்டருக்கு மாமாவின் முந்திரித் தோப்புக்குப் போவேன். பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஒரு வரிசை மரம் அப்படியே சாய்ந்தது. அந்த இடைவெளிதான் என் சுடுதளம். கோடியில் ஆள் உயரச் செம்மண் மேடு, அதற்கு முன்னால் பழைய துணி திணித்த மரப்பெட்டி. காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பொழுது ஏறிக் கடற்காற்று புகுந்துவிட்டால், அரை கிராம் ஈயத்தை வைத்துக்கொண்டு கடலோடு மல்லுக்கட்ட முடியாது.

மாமாவுக்கு இதில் ஒரே வருத்தம். "ஏன் மாப்ளே, காகிதத்தப் போயி சுட்டுக்கிட்டிருக்க. ஏரியில மடையான் வந்து நிக்குது, ரெண்டு அடிச்சிக் குடேன்."

"அடிச்சா உள்ள தள்ளிடுவாங்க மாமா. 1972லயே சட்டம் வந்திருச்சு."

"அப்ப எதுக்குடா துப்பாக்கி?"

பதில் சொல்லத் தெரியாமல் தகர டப்பா ஒன்றை வைத்து அவர் கையில் ரைஃபிளைக் கொடுத்தேன். முதல் ரவையிலேயே விழுத்தினார். அன்றிலிருந்து அவர்தான் டப்பா அடுக்கி வைக்கிறார்.

இனி என் முட்டாள்தனம். மூன்றாவது வருஷம், வழக்கமாக ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் விழுகிற ரவைகள் திடீரென்று உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. புதிதாக வந்த டப்பா அது. தபாலில் அடிபட்டு மூடி திறந்திருந்தது. சந்தேகமே இல்லை, ரவைதான் என்று முடிவு கட்டினேன். விற்றவருக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி, இன்னொரு பிராண்டுக்குப் பணமும் கட்டிவிட்டேன். அந்த இரண்டாவது டப்பாவும் சிதறியது. அப்போதுதான் துப்பாக்கியின் கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தேன், 'டொக்' என்றது. முன்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவும் கழன்றிருந்தன. கால் திருப்பு முறுக்கியதும் பழையபடி நாணயத்துக்குள் வந்தது. விற்றவருக்கு இரண்டாவதாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது, அது முதல் கடிதத்தைவிடக் கஷ்டம்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இது பிறவிக் குணம். உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டும்போது முன்னால் தள்ளும். ரவை பேரலை விட்டுக் கிளம்புவதற்குள் இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஸ்க்ரூ கழல்வதும், குறிபார்க்கும் ஸ்கோப் பின்னோக்கி நகர்வதும் இதனால்தான். பெரிய வேட்டை ரைஃபிளில் போடுகிற விலையுயர்ந்த ஸ்கோப்பும் சில சமயம் இதில் உடைந்துபோகும். அது பின்னுதைக்குப் பழகியது, முன்னுதைக்குப் பழகாதது.

பிடியும் அப்படித்தான். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி குதிக்கும். இடது உள்ளங்கையை விரித்து, துப்பாக்கி அதன்மேல் சும்மா கிடக்கிற மாதிரி வைத்து, தோளில் பட்டும் படாமல் சாய்த்துச் சுட வேண்டும். தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டிருக்கிற மாதிரி. நோட்டில் முதல் இரண்டு வருஷத்துக் குறிப்புகளை இப்போது புரட்டினால், 'ரவை சரியில்லை' என்று எழுதியதில் பாதி என் இடது கையைப் பற்றியது. ஒதுக்கிய டப்பாக்களில் இரண்டைத் திரும்ப எடுத்து இந்தப் பிடியில் சுட்டேன், ஒன்று தேறிவிட்டது.

டப்பா மாற்றினால் முதல் பதினைந்து இருபது ரவையை நான் கணக்கில் எடுப்பதில்லை. பழைய ஈயப்பூச்சு போய்ப் புது ஈயம் பேரலில் படியும்வரை ரவைகள் ஒரே இடத்தில் கூடி விழுவதில்லை. இது தெரியாமல் ஐந்தைச் சுட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதிய பக்கங்களும் நோட்டில் இருக்கின்றன.

பராமரிப்பில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரே எதிரி உப்புக் காற்று. கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் வீடு. ஐப்பசி மழையில் ஒரு வாரம் தொடாமல் விட்டால், விரல் பட்ட இடத்தில் ரேகையோடு துரு எழும்பும். சிலிக்கோன் துணியால் துடைத்துவிட்டு உறைக்கு வெளியே வைக்கிறேன், உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். திறந்த டப்பாவில் ரவை மேல் வெண்மையாகப் பூஞ்சை மாதிரி படியும். அது ஈயம் காற்றோடு சேர்ந்து ஆவது. அப்படி ஆனதை நான் சுடுவதில்லை. துருவுக்குப் பயந்து பிஸ்டன் பக்கம் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். அழுத்தத்தில் அது பற்றிக்கொண்டு வெடிச்சத்தமும் புகையுமாக வரும், காற்று கசியாமல் தடுக்கிற பிஸ்டன் சீல் போய்விடும். ரவை போடாமல் சும்மா சுடுவதும் அதே சீலைத்தான் அடிக்கும். ஆறு வருஷத்தில் பேரல் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் ஒருமுறை மாற்றினேன், ஸ்பிரிங் இன்னும் பழையதுதான்.

இப்போதைய நிலவரம்: சந்துக்குத் தட்டைமுனை, தோப்புக்கு 8.44. போன முறை இரண்டு டப்பா சேர்த்து வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஈயத்தைச் சமையலறையில் வைத்ததற்கு நியாயமான வசவு விழுந்தது. இப்போது பீரோ மேல் இருக்கிறது.