93 யூரோவுக்கு வந்த லிண்டன் பூக் குப்பை: வாங்க இருப்பவர்கள் கவனிக்கவும்

கடந்த வியாழக்கிழமை பொதி வந்தது. விற்றவரிடமிருந்து இன்று காலை வந்த மூன்றாவது மறுமொழியைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். சொற்களில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடிமனும் காய்ச்சலும் வந்தால் நம் வீடுகளில் கொத்தமல்லி அவித்துக் குடிப்பது போல, ஜேர்மனியில் லிண்டன் என்ற மரத்தின் பூவைக் கொதிநீரில் ஊறவைத்து, சூடாகக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். வியர்த்துக் காய்ச்சல் இறங்கும் என்பது பழைய நம்பிக்கை. ஐரோப்பிய மருந்து முகமையும் நீண்டகாலப் பழக்கத்தின் அடிப்படையில் இதைத் தடிமனுக்கான பாரம்பரிய மூலிகையாக ஏற்றிருக்கிறது. எங்கள் மேல்மாடியில் வசிக்கும் ஜேர்மானிய மூதாட்டியிடம்தான் நான் இதைப் பறிக்கக் கற்றேன். மழை பெய்யாத நாளில், மரம் பூத்த முதற்சில நாள்களுக்குள், பூங்கொத்தை அதன் காம்போடு ஒட்டியிருக்கும் நாக்குப் போன்ற வெளிர்பச்சை இலையோடு சேர்த்துப் பறித்து, வெயில் படாத இடத்தில் துணியில் பரப்பிக் காயவைக்க வேண்டும். பிந்தினால் பூ காயாகிவிடும், மணமும் போய்விடும்.

இந்த ஜூனில் கணுக்கால் சுளுக்கி நான் வீட்டோடு கிடந்ததால் பூக்காலம் கைநழுவிப் போயிற்று. வழக்கமாக என்னிடம் வாங்கிச் செல்லும் நான்கு குடும்பங்களுக்கும் சேர்த்து இரண்டு கிலோ வாங்கலாம் என்று, தனியாட்கள் தங்கள் பொருள்களை விற்கும் ஓர் இணையச் சந்தையில் தேடினேன். மர ஏணி, தோளில் மாட்டும் துணிப்பை, வெள்ளை விரிப்பில் பொன்னிறமாகக் காயும் பூ என்று படங்கள் அழகாக இருந்தன. படத்தை மட்டும் நம்பும் ஆள் நான் இல்லை. எந்த வகை லிண்டன், எப்போது பறித்தது என்று கேட்டேன். "சிற்றிலை லிண்டன், பாட்டியின் தோட்டத்து மரம், பூத்த நான்காம் நாள் பறித்தது" என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அந்த "நான்காம் நாள்" என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். தொழில் தெரியாதவர் நாளை எண்ணி வைத்திருப்பாரா? அதனால், சந்தையின் கட்டணத்தை மிச்சப்படுத்த, பணம் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக நண்பருக்கு அனுப்புவது போலப் பணத்தை அனுப்பிவிடுங்கள் என்று விற்றவர் கேட்டபோதும் நான் தயங்கவில்லை. பூவுக்கு 84, தபாலுக்கு 9, மொத்தம் 93 யூரோ.

பொதியைப் பிரித்ததும் பூட்டிக் கிடந்த அலுமாரியின் வாடை வீசியது. ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தால், பாதிக்கு மேல் வெறும் நாக்கிலையும் காம்பும். பூ இருக்க வேண்டிய இடத்தில் மிளகு அளவில் உருண்டைக் காய்கள். நான்காம் நாளில் காய் எங்கிருந்து வரும்? இடையிடையே கிடந்த இலைத் துண்டுகளைத் திருப்பினேன். அடிப்புறம் வெண்பஞ்சு ஒட்டியது போல வெளுத்திருந்தது. அது தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் அழகுக்காக நடப்படும் வெள்ளி லிண்டன்; மருந்துக்குக் கொள்ளப்படுபவை சிற்றிலை, பேரிலை வகைகள்தாம். சிற்றிலை லிண்டன் இலையில் நரம்புகள் பிரியும் மூலைகளில் மட்டும் துருநிறத்தில் மயிர்க்கற்றை இருக்கும். ஊறவைத்துப் பார்த்தபோது பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம்தான் வந்தது. தேன் வாசம் துளியும் இல்லை.

படங்களோடு முறையிட்டேன். இயற்கைப் பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பது முதல் மறுமொழி. பிரித்த உணவுப்பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்பது இரண்டாவது. பிரிக்காமல் உள்ளே இருப்பதை நான் எப்படிக் காண்பேன் என்பதற்கு விடை இல்லை. மூலிகை தெரியாதவர்கள் கடையில் பொட்டலத் தேநீர் வாங்குவதே நல்லது என்பது இன்று காலை வந்தது. பதினோரு ஆண்டுகளாகப் பறித்துக் காயவைக்கும் எனக்கு! சந்தைக்காரர்களோ, பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை என்று கைவிரித்தார்கள். பணம் அனுப்பும் சேவையினர், நண்பருக்கு அனுப்பிய தொகைக்குப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். 93 யூரோவும் போனது போனதுதான்.

நல்ல பூவை அடையாளம் காண்பது பற்றி விரிவாக எழுதவே உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் வரவில்லை. அறிமுகமில்லாதவருக்கு நண்பர் என்ற பெயரில் பணம் அனுப்பாதீர்கள். முதலில் 50 கிராம் மட்டும் வாங்குங்கள். ஒரு பிடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். மருந்தகத்தில் விலை கூட, ஆனாலும் அங்கேயே வாங்குங்கள்.

அந்த விளம்பரம் இன்னும் அதே மர ஏணிப் படத்தோடு இருக்கிறது. இன்று பார்த்தபோது, "கடைசி மூன்று கிலோ" என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.