கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை: வேலை சுத்தம், பார்ட்டிஷனில்தான் பஞ்சாயத்து

மஞ்சக்குப்பத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் 256 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி டெபியன் என்கிற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) ஏற்றித் தரச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம், ஏன் என்று படித்தால் புரியும்.

கூலி 600 ரூபாய். சொன்ன நாளில் கொடுத்தார்கள். கேட்காமலே தூசி ஊதி, தமிழ்99 விசைப்பலகையும் போட்டு வைத்திருந்தார்கள். குறை அதிலெல்லாம் இல்லை.

டெபியன் ஏற்றும்போது டிஸ்க்கை எப்படிப் பிரிக்கலாம் என்று திரையில் கேட்கும். எல்லாம் ஒரே பார்ட்டிஷன் என்பது முதல் வழி, புதியவர்களுக்கு அதுதான் நல்லது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். "அதையே தட்டிடலாம்ணே" என்றார் வேலை செய்யும் தம்பி. கடைக்கார அண்ணன் விடவில்லை. நம் ஃபைல்கள் இருக்கிற பகுதிக்கு ஹோம் என்று பேர். "ஹோம் தனியா இல்லன்னா, நாளைக்கு ஓஎஸ் திரும்பப் போடறப்ப சாரோட ஃபைலை எவன்டா காப்பாத்துவான்?"

"பேக்கப் எதுக்குண்ணே இருக்கு?"

அப்புறம் ஸ்வாப், அதாவது ராம் போதாதபோது கைகொடுக்க டிஸ்க்கில் ஒதுக்குகிற இடம். ராமுக்கு இரண்டு மடங்கு என்றார் அண்ணன். அது ராம் குறைவாக இருந்த காலத்துக் கணக்கு, இன்னொரு லினக்ஸான உபுண்டுவே 17.04 பதிப்பிலிருந்து ஸ்வாப்பை வெறும் ஃபைலாக மாற்றிவிட்டது என்றார் தம்பி. எனக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. முதலாளி என்பதால் அண்ணன் ஜெயித்தார்: ஓஎஸ் உட்காருகிற ரூட்டுக்கு 28 ஜிபி, ஸ்வாப்புக்கு 16, மிச்சமெல்லாம் ஹோமுக்கு. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று இருவரில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

ஆடி மாதம், கூழ் வார்க்கிற நோட்டீஸ் 500 அவசரம். பிரிண்டர் அசையவில்லை. கேபிளை மாற்றினேன், டோனரைக் குலுக்கினேன். கடைசியில் பார்த்தால் ரூட் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது, ஹோமில் 150 ஜிபி சும்மா கிடக்கிறது. அச்சுக்குப் போகிற ஃபைல் முதலில் வார் (var) என்கிற ஃபோல்டரில்தான் வரிசையில் நிற்கும். மென்பொருள் ஏற்ற உதவுகிற ஃப்ளாட்பேக் வழியாக நான் போட்டவையும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தன. அந்த வார் இருப்பதோ ரூட்டில். கூடம் காலி, அடுப்படியில் கால் வைக்க இடமில்லை.

திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். ஹோமின் முன்பக்கத்தை வெட்டி ரூட்டோடு சேர்ப்பதென்றால் உள்ளே இருக்கிற அத்தனையும் நகர வேண்டும், நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது என்றார் தம்பி. நம்ம ஊர் கரண்ட்டை நம்பி யார் இறங்குவது! எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவைத்துவிட்டுப் புதிதாகவே பிரித்துத் தந்தார்கள். காசு வாங்கவில்லை. ரூட்டுக்கு 60-ஆ 100-ஆ என்று அதற்கும் ஒரு சண்டை. நானே நடுவில் புகுந்து 80 என்றேன்.

5-க்கு 3.5 தருகிறேன். போவதாக இருந்தால் காலை 11 மணிக்குள் போய்விடுங்கள். அண்ணன் கடைக்கு வருவதற்குள் தம்பியிடம் பேசி முடித்துவிடலாம்.