“ஆல்டிமீட்டருக்குத் தயார்” என்று விற்கப்படும் ராக்கெட் குழாய்: வாங்குமுன் ஓர் எச்சரிக்கை

மாதிரி ராக்கெட்டில் ஆல்டிமீட்டர், அதாவது உயரம் அளக்கும் கருவி, வைத்துப் பறக்கவிட விரும்புபவர்கள், “துளையிட வேண்டாம், ஒட்ட வேண்டாம், கருவியை உள்ளே வைத்தால் போதும்” என்ற விளம்பரத்தோடு இணையத்தில் விற்கப்படும், கருவியைச் சுமக்கும் பேலோட் குழாயை வாங்குமுன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விற்பவரின் பெயரை எழுதப்போவதில்லை. பொருளின் குறைகளே அதை அடையாளம் காட்டிவிடும்.

காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் கருவி சரியாக வேலை செய்ய, அது இருக்கும் அறையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டி ஒரு மீட்டர் மேலே சென்றால் அழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல்தான் குறைகிறது என்பதால், சிறு பிசகும் பல மீட்டர் பிழையாகிவிடும். அதற்காகவே குழாயின் சுவரில் துளை போடுகிறோம். நூறு கன அங்குலக் கொள்ளளவுக்குக் கால் அங்குல விட்டமுள்ள துளை என்பது இத்துறையில் பலரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி 100 கன சென்டிமீட்டர் அறைக்கு 1.6 மில்லிமீட்டர் துளை ஒன்றோ, சுற்றிலும் சம இடைவெளியில் 0.9 மில்லிமீட்டர் துளைகள் மூன்றோ போதுமானவை. எனக்கு வந்த குழாயிலோ, ஏறத்தாழ அதே கொள்ளளவுக்கு, பென்சில் நுழையும் அளவில் ஒரே துளை, அதுவும் ஓரம் பிசிறோடு, மூக்குக்கூம்பு சேரும் இடத்துக்குச் சற்றே கீழே போடப்பட்டிருந்தது.

துளை போடக்கூடாத இடம் அதுதான். கூம்பைத் தாண்டி வரும் காற்று அங்கே இன்னும் சீராகியிருக்காது என்பதால், துளை கூம்பிலிருந்து குழாயின் விட்டத்தைப் போலச் சில மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். வினாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் காற்றின் இயங்கு அழுத்தம், அதாவது வேகத்தால் எழும் அழுத்தம், 3,800 பாஸ்கலை எட்டும். அதில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சலாகத் துளையில் விழுந்தாலே, கருவி 30 மீட்டருக்கு மேல் கூட்டிக் காட்டும். இந்தக் குழாயில் வைத்துப் பறக்கவிட்ட என் கருவியின் பதிவு வரைபடத்தில், மோட்டார் எரிந்து முடியும் தறுவாயில் உயரம் திடீரென எகிறி, பின் தணிந்து, மறுபடியும் ஏறியது. மேலே போய்க்கொண்டிருக்கும் ராக்கெட் நடுவழியில் இறங்கிவிட்டு ஏறாது.

இதைவிட மோசமானது, கருவி இருக்கும் அறையின் அடியை மூடும் அடித்தட்டு. பாராசூட் கயிற்றுக்காக அதில் போட்ட துளையை அடைக்காமலே அனுப்பியிருந்தார்கள். பாராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்தின் சூடான வாயு அதன் வழியே அறைக்குள் பாய்ந்ததில், அந்த நொடியில் உயரம் தரைக்கும் கீழே போனதாகப் பதிவானது. கருவியின் பலகை முழுவதும் கரி படிந்தது. கருமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும் என்பதால், உடனே துடைக்காமல் விட்டிருந்தால் கருவியே போயிருக்கும்.

விளம்பரத்தில் சொன்ன எடையும் வெறுங்குழாயின் எடைதான். அடித்தட்டு, கொக்கி, கருவியைத் தாங்கும் பலகை எதுவும் அதில் சேரவில்லை. சி6-5 என்ற வகை மாதிரி ராக்கெட் மோட்டாரில், தள்ளுவிசை தீர்ந்த பிறகு பாராசூட் வெளிவர 5 வினாடி ஆகும். எடை கூடினால் ராக்கெட் உச்சியை முன்கூட்டியே தொட்டுவிட்டு, பாராசூட் வருவதற்குள் வேகமாக விழத் தொடங்கிவிடும். எடையைத் தவறாகச் சொல்வது வெறும் வியாபாரப் பொய் அல்ல, கீழே நிற்பவர்களுக்கு ஆபத்தும்கூட.

வரைபடத்தையும் படங்களையும் அனுப்பி விற்பவரிடம் விளக்கம் கேட்டேன். வானிலை மாறியிருக்கும் என்றார்கள். சில வினாடிப் பயணத்துக்குள் வானிலை அப்படி மாறாது என்றதும், என் ஆல்டிமீட்டர்தான் பழுது என்றார்கள். அதே கருவி வேறொரு ராக்கெட்டில் ஒழுங்காகப் பதிவு செய்ததைக் காட்டிய பிறகு, உறை பிரித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று முடித்துக்கொண்டார்கள். அவர்கள் “சோதனைப் பதிவு” என்று அனுப்பிய வரைபடமோ, ஏவுதளத்தில் நிற்கும்போதுகூட ஓர் அசைவு இல்லாத வழவழப்பான கோடு. உண்மையான உணரியின் பதிவில் நின்ற இடத்திலேயே சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். இது பறக்கவிடாமலே கணினி சிமுலேஷனில் வரைந்தது என்றே கருதுகிறேன்.

இப்போது அதே குழாய் வேறு பெயரில், வேறு நிறத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூம்பின் விளிம்புக்குக் கீழே அந்த ஒற்றைத் துளை தெரியும். அடித்தட்டின் படத்தை மட்டும் எங்கும் போடவில்லை, கேட்டாலும் அனுப்பவில்லை.