வீட்டு முற்றத்தில் செய்த மொரிஸ் மைனர் எஞ்சின்: 16,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பழைய மைனர் காரின் எஞ்சினைக் கழற்றித் திரும்பச் செய்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. 16,000 கிலோமீற்றர் ஓடியாச்சு, செங்கலடியால் திரும்பி மகாஓயா, பிபிலை தாண்டிப் பதுளைக்கு இரண்டு தரம் மலை ஏறியதும் அதற்குள் அடக்கம். முன்பு மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து கல்முனைக்குப் போய்வந்தாலே கால் லீற்றர் ஒயில் விட வேண்டும். இப்போது 2,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர்கூடக் குடிப்பதில்லை. செலவு, எல்லாம் சேர்த்து, இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் வீணாய்ப் போனது எது என்பதையும் சொல்கிறேன்.

கார் அப்பாவுடையது. 1959ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சிசி, ஏ-சீரிஸ் எஞ்சின். பின்னால் நீலப் புகை தள்ளும், கல்லடிப் பாலத்தில் ஏறும்போது பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் மூக்கைப் பொத்துவார். "நிசான் எஞ்சின் ஒன்றைத் தூக்கிப் போடு மச்சான், தலையிடி இல்லை" என்று சொல்லாத ஆள் இல்லை. ஒரு கராஜில் ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை) கழற்றாமலே, கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்) பார்க்காமலே, பிஸ்டனைச் சுற்றிப் புது றிங் போட்டால் சரி என்று ஒரு விலை சொன்னார்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது, நானே செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

கொம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கிப் பார்த்தேன். நாலு சிலிண்டரும், சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில், 95, 90, 60, 95. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தால் மற்ற மூன்றும் நன்றாக ஏறின, 60 காட்டிய மூன்றாவது சிலிண்டர் மட்டும் அசையவே இல்லை. ஒயில் விட்டு ஏறினால் றிங்கும் போரும் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்த் துளை) தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ் இருக்கையில் பொருந்தவில்லை. ஆக என்னிடம் இரண்டு வருத்தமும் இருந்தது. இந்தப் பத்து நிமிட வேலையைத்தான் அந்தக் கராஜ்காரர் செய்யவில்லை.

2021இல், ஊர் அடைத்துக் கிடந்த காலத்தில், மாமரக் கொப்பில் செயின் புளொக் கட்டி எஞ்சினை வெளியே எடுத்தோம், நானும் மச்சானும். ஹெட்டை எடுத்துப் போருக்குள் விரலை விட்டால் மேல் விளிம்பில் நகம் தடக்கென்று மாட்டியது. மேல் றிங் வந்து நின்று திரும்புகிற இடத்தில்தான் அமுக்கமும் சூடும் அதிகம், ஒயிலும் அங்கே ஒழுங்காக நிற்காது, அதனால் போர் கீழே ஒழுங்காக இருக்க மேலே மட்டும் அகன்றுபோகும். இப்படித் தேய்ந்த போருக்குள் புது றிங் போட்டால் அது மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று விரிந்து சுருங்கியே கெட்டுப்போகும்.

கழற்றிய சாமான்களை ஒழுங்காக வைக்க நான் செலவில்லாமல் கண்டுபிடித்த வழி முட்டை அட்டை. எட்டு வால்வ், வால்வைத் திறக்கத் தள்ளுகிற எட்டுத் தட்டி, எட்டுப் புஷ்ரொட், எது எந்தக் குழியில் இருந்ததோ அந்த நம்பரை எழுதி வைத்தேன். தட்டிகள் தங்களைத் தூக்குகிற காம்ஷாஃப்டோடு ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகினவை, மாறிப்போனால் இரண்டும் போய்விடும்.

புளொக்கையும் கிராங்கையும் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) காத்தான்குடியில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். லேத்துக்கார நானா மைக்ரோமீற்றரைக் கையில் எடுத்து ஒவ்வொரு போரையும் மேலே, நடுவில், கீழே, அதுவும் குறுக்காக ஒருமுறை நெடுக்காக ஒருமுறை அளந்தார். பிறகு கேட்டார், "தம்பி, பிஸ்டன் எங்க?"

"போர் அடிச்ச பிறகு வாங்கலாம் எண்டு நினைச்சன் நானா."

"பிஸ்டனக் கொண்டா, அளந்துதான் போர் அடிப்பன். பெட்டியில இருபது எண்டு எழுதிக் கிடந்தா அது இருபதா?"

அந்த ஒரு பேச்சுக்கே அவர் கேட்ட கூலி தகும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி இருபது தவ் ஓவர்சைஸ் பிஸ்டன் செட் எடுப்பித்தேன் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பஸ்ஸில் பார்சலாக வந்தது. அளந்தால் நாலு பிஸ்டனில் ஒன்று மற்றதுகளைவிட மயிரிழை சிறிதுதான். அந்தப் போரை அதற்கேற்ற மாதிரி அடித்தார். கிராங்குக்குப் பத்து தவ் எடுத்து அண்டர்சைஸ் பெயரிங். ஹெட்டில் புகை போகிற நாலு வால்வுக்கும் கடினமான இருக்கை அடித்தோம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றுபோனது, பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளுக்கு அந்த ஈயம்தான் இருக்கையைத் தேயவிடாமல் காத்தது. இருக்கை தேய்ந்தால் வால்வ் மேலே ஏறும், தட்டி இடைவெளி தானாகக் குறையும். நான் 5,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் இடைவெளி பார்க்கிறேன், குளிர்ந்த எஞ்சினில் 12 தவ். இதுவரை அந்த நாலிலும் இடைவெளி அளக்கிற ஒரு பீலர் தகட்டு வித்தியாசம்கூட இல்லை. செலவழித்ததில் எனக்கு முழுத் திருப்தி தருவது இதுதான்.

சரி, பூட்டுகிற கதை. கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: போர் அடித்து வந்த புளொக்கை ஒரு இரவு சும்மா வைத்தாலே விடியச் செம்மண் நிறத்தில் துரு பூத்துவிடும். சவர்க்காரமும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி (பெற்றோலால் கழுவினால் போரில் ஒட்டின அரைத்த தூள் போகாது, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்), உடனே துடைத்து ஒயில் பூசிப் பொலித்தீனில் கட்டி வைத்தேன். அடுத்த எதிரி கச்சான் காற்று. ஆடி மாதம் பகலில் வீசுகிற வீச்சுக்கு முற்றத்து மணல் முழுக்க பெயரிங்குக்குள்தான் வரும். காற்று விழுந்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல், விறாந்தையில் லைட் போட்டுத்தான் பூட்டினேன். மெயின் பெயரிங்குக்கு 60 இறாத்தல்-அடி, பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கிற பிக் எண்டுக்கு 35, ஹெட் நட்டுகளுக்கு 40, நடுவில் தொடங்கி வெளியே. ஒவ்வொரு பெயரிங் மூடியையும் இறுக்கின பிறகு கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்தில் இறுக்குகிற பெரிய ஆட்கள் உண்டு, நான் அந்த ஆள் இல்லை.

இந்த நிதானம் கிளட்ச்சில் இல்லாமல் போனதுதான் வயிற்றெரிச்சல். எஞ்சின் வெளியே கிடந்தபோது கிளட்ச் பிளேட்டையும் அதை அமத்துகிற கரி பெயரிங்கையும் பார்த்து "இன்னும் கொஞ்சம் ஓடும்" என்று திரும்பப் பூட்டினேன். முழுச் செலவோடு பார்த்தால் அது ஒரு சில்லறைக் காசு. எட்டாவது மாதம் களுவாஞ்சிகுடியில், சந்தை நாளில், கிளட்ச் மிதித்தால் கிறீச்சென்று ஊரே திரும்பிப் பார்த்தது. கரி முழுக்கத் தேய்ந்து இரும்போடு இரும்பு. திரும்பவும் மாமரம், திரும்பவும் செயின் புளொக், திரும்பவும் மச்சானுக்குக் கோழிப் புக்கை.

பழக்கி ஓட்டுகிற காலமும் லேசில் முடியவில்லை. புது றிங் போருக்குப் பழக வேண்டும் என்றால் ஐடிலில் விட்டு உறுமவிடக் கூடாது, ரோட்டில் கொண்டுபோய்ப் பெரிய கியரில் மிதமாக இழுக்கவிட்டு, காலை எடுத்து, திரும்ப இழுக்கவிட வேண்டும். எரிகிற அமுக்கம் பின்னால் நின்று தள்ளினால்தான் றிங் சுவரோடு ஒட்டும். நான் ஸ்டார்ட் பண்ணினதோ 2022 சித்திரை. பெற்றோல் கியூவில் ஊர் முழுக்கப் படுத்துக்கிடந்த காலம். ஓகஸ்டில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோதும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். முதல் 500 கிலோமீற்றரில் ஒயில் மாற்றி ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்குவதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

அடிக்கடி கேட்கிற கேள்வி: பின்னால் ஒயில் ஒழுகுவது நின்றதா? நிற்கவில்லை. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திரும்ப உள்ளே தள்ளுகிற ஒரு திருகு வெட்டுத்தான் இருக்கிறது. றிங் தேய்ந்து கீழே அமுக்கம் கூடினால் அது தோற்றுப்போய் ஊற்றும், அமுக்கம் குறைந்தால் சொட்டும். முன்பு சட்டி வைத்தேன், இப்போது ஒரு மட்டை போதும். கொம்ப்ரஷன் போன மாதம் பார்த்தது 150, 150, 145, 150.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. முதல் நாள் செல்ப் அடித்தபோது ஸ்டார்ட் ஆகாமல் காபரேற்றரால் துப்பியது. பிளக்குகளுக்கு முறைப்படி பொறியைப் பகிர்கிற டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிற தண்டை முதல் சிலிண்டர் அமுக்கத்தில் நிற்கும்போது போட வேண்டும், நான் அரைச் சுற்று மாறிப் போட்டிருக்கிறேன். திரும்பக் கழற்றப் பஞ்சியில், பிளக் வயர்களில் ஒன்றையும் நாலையும், மூன்றையும் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகினேன், பற்றிக்கொண்டது. இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது. போன வருடம் கல்முனையில் பற்றரி மாற்றக் கொடுத்தேன். பொனட்டைத் திறந்த பொடியனுக்கு வயர் எல்லாம் இடம் மாறிக் கிடப்பது கண்ணில் பட்டிருக்கிறது, பாவம், காசும் கேட்காமல் புத்தகத்தில் உள்ளபடி சரியாகப் பூட்டிவிட்டான். பிறகு ஒரு மணித்தியாலம் மூன்று பேர் பின்னால் நின்று தள்ளினோம்.